பத்துமலை வௌவால் முதல் செம்பனை வண்டு வரை: தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வேண்டிய உயிரியல் கட்டுரைகள்

யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்ற முறையில் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2017-இல் அதன் கட்டுரைகள் 1 லட்சத்தைத் தாண்டின. இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. அச்சு நூலில் ஒரு தலைப்பு விடுபட்டால் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். இணையக் கலைக்களஞ்சியத்தில் விடுபட்டதை இன்றே சேர்க்கலாம். ஆனால், அதை யாராவது எழுத முன்வர வேண்டும்.

விக்கிப்பீடியாவில் ஒரு சொல் சிவப்பு நிறத்தில் இணைப்பாகத் தெரிந்தால், அந்தத் தலைப்பில் இன்னும் பக்கம் இல்லை என்று பொருள். உயிரியல், சூழலியல் துறைகளில் இந்த இடைவெளி எங்கே விழுகிறது, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் அதை எப்படி நிரப்பலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

இடைவெளி எங்கே?

யானை, புலி, மயில் போன்றவற்றைப் பற்றி எழுத எப்போதும் ஆள் உண்டு. சிறிய உயிர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. உலகில் அறியப்பட்ட பாலூட்டி இனங்கள் ஏறத்தாழ 6,500. பெயரிடப்பட்ட பூச்சி இனங்களோ சுமார் 10 லட்சம். பூஞ்சைகள், மண்புழுக்கள், நத்தைகள், பாசிகள் இதில் சேரவில்லை. எந்த மொழிக் கலைக்களஞ்சியத்திலும் இந்தப் பக்கம்தான் மெலிந்திருக்கும்.

இரண்டாவது இடைவெளி, உயிர்களுக்கு இடையிலான உறவு. ஓர் உயிரினத்தின் பெயர், குடும்பம், நிறம், நீளம் ஆகியவற்றைத் தரும் குறுங்கட்டுரையை எழுதுவது எளிது. அது எதைத் தின்கிறது, எதற்கு உணவாகிறது, அது மறைந்தால் வேறு எது மறையும் என்பதை எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். சூழலியல் என்பதே இந்த உறவுகளைப் பற்றிய படிப்புதான்.

மூன்றாவது, இடம். காவிரிக் கரையையும் யாழ்ப்பாணக் கடலையும் அங்குள்ளவர்கள் எழுதுவார்கள். சிலாங்கூர் ஆற்றையும் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தையும் இங்குள்ளவர்கள்தான் எழுத வேண்டும்.

பத்துமலையில் தொடங்கும் சங்கிலி

பத்துமலையின் 272 படிகளை ஏறாத தமிழர் இங்கே குறைவு. அந்தச் சுண்ணாம்புக் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் தேன் சுரக்கிறது. அதன் மகரந்தத்தை மரம் விட்டு மரம் கொண்டுசெல்வதில் இந்த வௌவால்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. மற்றக் காலத்தில் இந்த வௌவால்கள் பல கிலோமீட்டர் பறந்து, ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் நிற்கும் பெரெம்பாங் மரங்களின் பூக்களை நாடுகின்றன. கோலசிலாங்கூரில் மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைவதும் இதே பெரெம்பாங் மரங்களில்தான். அந்த மின்மினிகளின் புழுக்கள் ஆற்றங்கரையின் ஈர மண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. எனவே மரத்தை மட்டும் விட்டுவைத்து, பின்னால் உள்ள கரையை அழித்தாலும் மின்மினி அற்றுப்போகும்.

குகை, வௌவால், டுரியான், பெரெம்பாங், மின்மினி, நத்தை ஆகிய ஆறும் ஆறு கட்டுரைகளுக்கு உரியவை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து எழுதினால், மாணவர் ஒருவர் ஒரு பக்கத்தில் நுழைந்து ஒரு முழுச் சூழலையும் படித்துவிட்டு வெளியே வரலாம்.

தோட்டப்புறம் அறிந்த உயிரியல்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமரத்தில் தொடங்கியது. செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் தனித்தனியே வருவதால், மகரந்தம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். பல தோட்டங்களில் தொழிலாளர்களே மகரந்தத்தைச் சேகரித்து, பெண் பூக்களில் தூவி வந்தனர்.

செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் இந்த வேலையை ஒரு சிறிய கூன்வண்டு செய்கிறது என்பதைப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் ஆராய்ந்து காட்டினார். 1981-இல் அந்த வண்டு கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன்பின் காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலையும் தோட்டங்களிலிருந்து மறைந்தது. ஒரு வண்டின் வரலாறு இங்கே தொழிலாளர் வரலாறாகவும் இருக்கிறது.

தோட்டங்களில் எலிகளைக் கட்டுப்படுத்தக் கூண்டு வைத்து வளர்க்கப்படும் கூகை, இளம் ரப்பர் மரங்களுக்கு இடையே படரவிட்டு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் அவரைக் குடும்பக் கொடிகள் ஆகியவையும் இவ்வகைத் தலைப்புகளே. மக்கள் கெட்ட சகுனம் என்று அஞ்சிய கூகை, தோட்டத்தில் எப்படி உதவியாளாக மாறியது என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.

சிங்கப்பூரில் குதிரைலாட நண்டு நல்ல தொடக்கமாகும். நண்டு என்று பெயர் இருந்தாலும் அது சிலந்தி இனத்துக்கே நெருக்கமானது. அதன் இரத்தத்தில் செம்பு இருப்பதால் நீல நிறமாகும். ஊசிமருந்துகளில் நுண்ணுயிர் நச்சு கலந்துள்ளதா என்று சோதிக்க அந்த இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் பொருள் உதவுகிறது.

பெயர் என்னும் வாசல்

கட்டுரை இருந்தும் கிடைக்காமல் போவதற்குப் பெயர் வேறுபாடு ஒரு காரணம். தமிழ்நாட்டில் அலையாத்திக் காடு என்பதை இலங்கையில் கண்டல் காடு என்பார்கள். இங்கே சதுப்புநிலக் காடு என்றே பலரும் தேடுவார்கள். மூன்று பெயர்களையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவர ‘வழிமாற்று’ என்ற வசதி உண்டு. செம்பனை, பால்மரம் போன்ற மலேசிய வழக்குகளுக்கும் வழிமாற்று அமைக்கலாம். எனவே புதிதாக எழுதும் முன் எல்லாப் பெயர்களிலும் தேடிப் பார்ப்பது அவசியம்.

சில உயிர்களுக்குப் பழந்தமிழ்ப் பெயரே தயாராக உள்ளது. சிங்கப்பூரின் ஆறுகளில் குடும்பமாக நீந்தும் விலங்கைச் சங்கப் பாடல்கள் நீர்நாய் என்று குறிப்பிடுகின்றன. காவிரியில் வாழும் நீர்நாயும் அதே இனம்தான்.

சான்று இல்லாமல் சேர்க்க முடியாது

விக்கிப்பீடியாவின் முக்கிய விதி, எழுதும் செய்திக்கு ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று இருக்க வேண்டும் என்பது. தோட்டத்தில் 40 ஆண்டுகள் பால் வெட்டிய பாட்டி ஒரு கொடிக்குச் சொல்லும் பெயர் உண்மையானதாக இருக்கலாம். ஆனால், அது எங்கும் அச்சாகாத வரை கலைக்களஞ்சியத்தில் ஏறாது. மொழிபெயர்ப்பாலும் இந்த இடத்தை நிரப்ப முடியாது. ஆங்கிலப் பக்கத்திலும் அந்தப் பெயர் இருக்காது.

ஆகவே வேலை இரண்டு படிகளாக நடக்க வேண்டும். முதலில், பெரியவர்கள் அறிந்த செடி, பூச்சி, பறவைப் பெயர்களை இடம், காலம், படம் ஆகியவற்றுடன் பதிவுசெய்து, தாவரவியல் அறிந்தவர் ஒருவரிடம் சரிபார்த்து, நாளிதழிலோ நூலிலோ ஆய்விதழிலோ வெளியிட வேண்டும். அதன் பிறகே அதைச் சான்றாகக் காட்டி எழுத முடியும். தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில் முதல் படிக்குத்தான் அவசரம் அதிகம். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுத் திரட்டும் பெயர்களை ஒரு சிறு நூலாக்குவது பள்ளிகளுக்கு இயலாத காரியமல்ல.

எப்படித் தொடங்கலாம்?

* தலைப்பைப் பல பெயர்களில் தேடவும். இருந்தால் அந்தப் பக்கத்தையே வளர்க்கவும்.
* புதியவர்கள் முதலில் ‘மணல்தொட்டி’ என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.
* ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும் சான்று தரவும். பிறர் எழுதியதை அப்படியே படியெடுக்கக் கூடாது.
* உயிரினத்தின் தோற்றத்தோடு நிறுத்தாமல் வாழிடம், உணவு, பிற உயிர்களுடன் உள்ள உறவு ஆகியவற்றையும் எழுதவும்.
* சொந்தமாக எடுத்த படங்களைப் பொது உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றலாம். எழுதத் தயங்குபவர்களும் உடனே செய்யக்கூடிய பங்களிப்பு இது.
* கலைச்சொல்லில் ஐயம் எழுந்தால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். அனுபவமுள்ள பயனர்கள் அங்கே பதிலளிப்பார்கள்.