மஸ்கெலியாவில் படம் எடுக்க எது நல்ல நேரம்?

கிளிநொச்சியில் ஒரு செய்திக்காகப் போயிருந்தபோது, பேட்டி முடிந்து எழும்பிய என்னிடம் அந்த அம்மா கேட்டார்: "தம்பி, மலைப்பக்கம் போனா தண்ணிக்குள்ள கிடக்கிற எங்க கோயில ஒரு படம் எடுத்துட்டு வர ஏலுமா?"

அவர் பிறந்தது மஸ்கெலியாவில் உள்ள ஒரு தோட்டத்தில். 1977 வன்செயலுக்குப் பின் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். பழைய மஸ்கெலியா ஸ்டூடியோ ஒன்றில் தகப்பன் எடுத்து வைத்த ஒரேயொரு குடும்பப் படம் 2009 வரை அவரிடம் இருந்தது. முள்ளிவாய்க்காலில் அதுவும் போய்விட்டது. உங்களில் பலருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஊடகக் கற்கை படித்தவன், கையில் நல்ல கமெரா இருக்கிறது என்ற துணிச்சலில் டிசம்பரில் போய் இறங்கினேன். நீர்த்தேக்கம் நிறைந்து கிடந்தது. கோவில் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பயணத்திலும் அதன் பிறகும் கற்றதை, படம் எடுக்கப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இரண்டு அடையாளங்கள், இரண்டு நாட்காட்டிகள்

மஸ்கெலியாவில் மக்கள் படம் எடுக்கத் தேடுவது இரண்டை. ஒன்று, 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை. மற்றது, மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய நகரம். மஸ்கெலியா ஓயாவை மறித்துக் கட்டிய அணை 1969இல் நிறைவடைந்தது. லக்ஷபான மின்திட்டத்தின் ஒரு பகுதி அது. கடைத்தெருவும் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் நீருக்குள் போக, இன்றைய நகரம் மேட்டில் எழுந்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் முடிவு செய்திருந்த காலம் அது. யார் போவது, யார் இருப்பது என்று லயன்களில் வீட்டுக்கு வீடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நகரமும் தண்ணீருக்குள் போனது.

மலைக்குரிய நாட்காட்டி டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அதுதான் யாத்திரைக் காலம். மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவுகளில் நேராக வந்து மோதும். செப்டம்பர் வரை மலை பெரும்பாலும் முகிலுக்குள்தான் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூழ்கிய நகரத்தின் நாட்காட்டி வேறு. மழை குறைந்து, மின் உற்பத்திக்காக நீர் இறங்கிக்கொண்டே போகும்போதுதான் அது வெளியே வரும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில். எல்லா ஆண்டும் வரும் என்று நம்பிப் போக முடியாது. போவதற்கு முன் மஸ்கெலியாவில் ஒருவரிடமாவது தொலைபேசியில் "தண்ணி எவ்வளவு இறங்கியிருக்கு?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் போனதால்தான் ஒரு பயணம் வீணானது.

மலைக்கு எந்த மணி?

மஸ்கெலியா நகரில் இருந்து பார்த்தால் மலை மேற்கே இருக்கிறது. அதனால் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வந்து மலையின் முகத்தில் விழும். விடிந்து ஓரிரு மணி நேரம் நல்லது. பள்ளத்தாக்கு சூடேற முகில் எழும்பி, ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உச்சியை மூடிவிடுவது வழக்கம். மாலையில் சூரியன் மலைப்பக்கமே இறங்குவதால் மலை கறுத்த உருவமாக மட்டும் தெரியும்.

யாத்திரைக் காலத்தில் படிகளின் விளக்குகள் இரவு முழுவதும் ஒரு கோடாக மின்னும். அதற்கு முக்காலி தேவை. நள்ளிரவை விட, விடிவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் எடுத்தால் விளக்கும் தெரியும், மலையின் உருவமும் தெரியும்.

உச்சியில் இருந்து முக்கோண நிழலை எடுக்க விரும்பினால், நல்லதண்ணியில் இருந்து இரவு ஒன்று, ஒன்றரைக்குள் ஏறத் தொடங்குங்கள். 5,000க்கு மேற்பட்ட படிகள். சூரியன் உதித்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் மேற்கே திரும்புங்கள். நிழல் சில நிமிடங்கள்தான் முழுதாக நிற்கும். மலை எந்த வடிவில் இருந்தாலும் உச்சியில் நின்று பார்ப்பவருக்கு, தூரம் போகப்போக ஒடுங்கும் ரயில் தண்டவாளம் போல, நிழல் கூம்பித் தெரியும். பௌர்ணமி, வார இறுதி நாட்களில் நெரிசலில் கமெராவைத் தூக்கவே இடம் இருக்காது. வார நாளில் போங்கள்.

தண்ணீர் இறங்கிய இடத்தில்

மேலே காய்ந்து வெடித்திருக்கும் சேறு கீழே புதைகுழி போல இருக்கலாம். ஊரவர் ஒருவரோடு மட்டும் இறங்குங்கள். மேல்பக்கம் மழை இருட்டினால் உடனே ஏறிவிடுங்கள். அணைக்கட்டைப் படம் எடுக்கும் முன் காவலில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கமெரா தூக்கியதற்காக விசாரிக்கப்பட்ட அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. முன்கூட்டிக் கேட்பது நல்லது.

கோவில் இடிந்திருந்தாலும் செருப்பைக் கழற்றுங்கள். சிலர் அங்கே கற்பூரம் ஏற்ற வருவார்கள். அவர்களை எடுப்பதற்கு முன் கேளுங்கள். போகும் வழியில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் இதுவேதான். அவர்கள் வேலை நேரத்தில் நிற்கிறார்கள், உங்கள் படத்துக்கு அல்ல.

வடக்கில் இருந்து வருபவர்கள் ஏ9 வழியாகக் கண்டிக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஹட்டன், பிறகு மஸ்கெலியா போகலாம். காலை வெளிச்சம் வேண்டுமென்றால் முதல் நாளே வந்து தங்க வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட படம்

மார்ச் இறுதியில் மறுபடி போனேன். இந்த முறை கோவில் வெளியே நின்றது. விடியற்காலையில் பனிமூட்டத்துக்கு நடுவே அதன் சுவர்கள் மட்டும் தெரிய ஒரு படம் கிடைத்தது. நான் எடுத்ததில் சிறந்தது அதுதான் என்று நினைத்தேன். பத்து மணிக்கு, வெயில் சப்பென்று விழுந்த நேரத்தில், தகவலுக்காக அகலமாக ஒன்றும் எடுத்து வைத்தேன். சுவர்கள், அடித்தளங்கள், பாதையின் தடம், தூரத்தில் மலை, எல்லாம் அதில் இருந்தன. அழகு எதுவும் இல்லை.

இரண்டையும் பிரதி போட்டுக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். பனிப்படத்தை அந்த அம்மா "வடிவா இருக்கு தம்பி" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்தார். மற்றதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். பாதையின் மேல் விரல் ஓடியது. "இதாலதான் அப்பா என்னைத் தோள்ல வச்சுக் கொண்டுபோவாரு. இந்த வளைவில ஸ்டூடியோ. இங்கதான் படம் புடிச்சம்." விரல் நின்ற இடத்தில், என் கண்ணுக்கு, வெறும் சேறுதான் இருந்தது.

அந்தப் படத்தைத்தான் அவர் வைத்துக்கொண்டார்.

மலைக்கும் முகிலுக்கும் மேலே சொன்ன நேரங்கள் சரி. ஆனால் ஊரைவிட்டுப் போன ஒருவருக்காகப் படம் எடுக்கிறீர்கள் என்றால், வெயில் நன்றாக ஏறும் வரை காத்திருங்கள். பின்னால் நகர்ந்து நின்று, அகலமாக எடுங்கள். எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியும்.