ரெயால்சி: ஜில்பெர்ட்டோ ஜிலின் டிஸ்கோ ஆல்பம்

பிரேசில் பாடகரும் பாடலாசிரியருமான ஜில்பெர்ட்டோ ஜில் (பிறப்பு 1942) 1979-இல் வெளியிட்ட ஆல்பம் ‘ரெயால்சி’. ‘ரெஃபசெண்டா’ (1975), ‘ரெஃபவெலா’ (1977) ஆகியவற்றோடு தொடங்கிய வரிசை இதில் நிறைவு பெற்றது. மார்கோ மசோலா தயாரிக்க, லாஸ் ஏஞ்சலஸில் ஒலிப்பதிவானது. இதன் பாடல்கள் சில பிரேசிலில் இன்றும் பாடப்படுகின்றன. ஆனால் முழு ஆல்பமாக இதற்குக் கிடைத்த மதிப்பு குறைவு. அயல்நாட்டு ரசிகர்கள் பெரும்பாலும் ஜிலின் 1968-ஆம் ஆண்டு ட்ரோபிகாலியா இசை இயக்க ஆல்பத்தோடும் 1972-இன் ‘எஸ்ப்ரெசோ 2222’வோடும் நின்றுவிடுகிறார்கள். டிஸ்கோ மோகத்துக்கு இணங்கிப்போன ஆல்பம் என்று இதை ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. கறுப்பின பிரேசிலியர்களின் அடையாளம் பற்றி ‘ரெஃபவெலா’வில் ஜில் தொடங்கிய தேடலின் அடுத்த கட்டமே ‘ரெயால்சி’. அதற்கு டிஸ்கோ புறப்பூச்சாக அல்ல, பொருளின் பகுதியாகவே அமைந்தது.

இதைப் புரிந்துகொள்ள, பிரேசிலின் நடன அரங்குகளை டிஸ்கோ எட்டிய வழியைப் பார்க்க வேண்டும். 1970-களில் ரியோ டி ஜனீரோவின் புறநகர்களில் கறுப்பின இளைஞர்கள் வார இறுதிகளில் ஆயிரக்கணக்கில் கூடி, அமெரிக்க சோல், ஃபங்க் இசைக்கு ஆடினார்கள். 1976 ஜூலையில் ‘ஜோர்னல் டூ பிரசில்’ நாளிதழ் இந்த எழுச்சியை ‘பிளாக் ரியோ’ என்ற பெயரில் விரிவாக எழுதியது. அன்று நாட்டை ஆண்ட இராணுவ அரசு இதைச் சந்தேகத்தோடு கண்காணித்தது. சாம்பாவின் தூய்மையைக் காக்க நினைத்தவர்களோ அந்நிய இறக்குமதி என்று சாடினார்கள். 1977-இன் தொடக்கத்தில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்கு ஜிலும் பாடகர் கயெட்டானோ வெலோசோவும் சென்றுவந்தார்கள். அங்கிருந்து திரும்பிய ஜில் உருவாக்கிய ‘ரெஃபவெலா’வில், 1974-இல் பிரேசிலின் சால்வடோர் நகரில் பிறந்த கறுப்பினக் கார்னிவல் குழுவான ‘இலே அயே’யின் பாடலும் இடம்பெற்றது. மறுபுறம், 1978-இல் குளோபோ தொலைக்காட்சியின் ‘டான்சிங் டேஸ்’ தொடர் டிஸ்கோவை நடுத்தர வர்க்க வீடுகளுக்குக் கொண்டுசென்றது. ஆக, டிஸ்கோ இரண்டு வாசல்கள் வழியே நுழைந்தது: ஒன்று கறுப்பின இளைஞர்களின் நடன அரங்கு, மற்றது தொலைக்காட்சி. ஜில் வந்தது முதல் வாசல் வழியே.

பாடல்களே இதற்குச் சான்று. ‘சரரா மியோலோ’ உடலை ஆடவைக்கும் துள்ளலோடு நகர்கிறது; ஆனால் சுருள்முடியை நேராக்கத் துடிக்கும் ஆசையை வெள்ளையரிடமிருந்து தொற்றிய நோய் என்கிறது. ‘ட்ராடிசாவ்’ சால்வடோரின் இளமைக்கால அழகுகளை இனிமையாக அடுக்கிக்கொண்டே போய், நகரின் பெரிய மனிதர்களின் சங்கத்துக்குள் கறுப்பர் சமையற்கட்டு வாசல் வழியாகக்கூட நுழைய முடியாதிருந்த காலம் அது என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது. குரலை உயர்த்தாமல் சொல்வதால்தான் அது தைக்கிறது. ‘லோகுனெடே’ கண்டோம்ப்ளே வழிபாட்டின் இளந்தெய்வத்தைப் பாடுகிறது. ‘சூப்பர்ஓமெம்’ ஹாலிவுட் சூப்பர்மேன் கதையிலிருந்து கிளம்பி, ஆணுக்குள் இருக்கும் பெண்மையைப் போற்றும் மென்மையான பாடலாகிறது. தொரிவல் கைமியின் 1940-களின் புகழ்பெற்ற ‘மரீனா’வை ஜில் நடனத் தாளத்தில் மறுபடி பாடுகிறார். காதலியே, முகத்துக்குச் சாயம் பூசாதே என்று முறையிடும் பழைய பாடல் அது. மினுக்கு எவ்வளவு கூடினாலும் நல்லதே என்னும் தலைப்புப் பாடல் இருக்கும் அதே ஆல்பத்தில் அதை வைத்ததால் இரண்டும் ஒன்றோடொன்று வாதாடுகின்றன. அந்தத் தலைப்புப் பாடலும் வெறும் கொண்டாட்டம் அல்ல: வாழ்க்கை காயப்படுத்தும்போது எந்த மந்திரவாதியும் வந்து தடுக்கமாட்டான் என்று அதே துள்ளலில் சொல்கிறது.

சர்வாதிகாரம் நடக்கையில் ஆட்டம் எதற்கு என்பது கனமான ஆட்சேபம். 1977-இல் வெலோசோவின் ‘ஒடாரா’ என்ற நடனப் பாடல் இப்படித்தான் கண்டிக்கப்பட்டது. கலைஞர்களை வேவு பார்க்கும் ‘கருத்தியல் ரோந்து’ என்று திரைப்பட இயக்குநர் காகா டியேகிஸ் 1978-இல் இந்தப் போக்கைச் சாடினார். 1968 டிசம்பரில் கைதாகி, பின் 1972 வரை லண்டனில் நாடுகடந்து வாழ்ந்த ஜிலுக்கு ஒடுக்குமுறை கேள்விப்பட்ட செய்தி அல்ல. ‘ரெயால்சி’யின் கடைசிப் பாடல் பாப் மார்லியின் ‘நோ வுமன், நோ க்ரை’க்கு அவர் எழுதிய போர்த்துக்கீசிய வடிவம். கிங்ஸ்டன் குடியிருப்பு முற்றம் அதில் ரியோவின் கடற்கரைப் புல்வெளியாகிறது. சிறைபட்ட நண்பர்களும் திரும்பிவராமலே மறைந்துபோனவர்களும் நினைவுகூரப்படுகிறார்கள். நாடுகடத்தப்பட்டோர் திரும்ப வழிசெய்த பொதுமன்னிப்புச் சட்டம் ஆல்பம் வெளியான அதே 1979-இன் ஆகஸ்டில் வந்தது. நடன ஆல்பத்தின் முடிவில் இப்படியொரு பாடலை வைத்தவரை அரசியலை மறந்தவர் என்பது பொருந்தாது.

சந்தை நோக்கம் இருந்தது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் வழவழப்பு சில இடங்களில் தாளவாத்தியங்களின் சொரசொரப்பை மழுக்கிவிடுகிறது; ‘ரெஃபவெலா’வின் முரட்டு உயிர்ப்பு இங்கே குறைவுதான். ஆனால் ட்ரோபிகாலியாவின் மின்கிட்டாரையும் ஒரு காலத்தில் அந்நிய இறக்குமதி என்றே எதிர்த்தார்கள்; இன்று அது பிரேசில் இசையின் பெருமையாக எண்ணப்படுகிறது. மின்கிட்டாருக்குக் காட்டும் நியாயத்தை டிஸ்கோ தாளத்துக்கு மறுக்கக் காரணம் இல்லை. ‘ரெயால்சி’யைத் தனியாக எடுத்துக் கேட்காமல் ‘ரெஃபவெலா’வை முதலில் கேட்டுவிட்டு, அடுத்து இதை ஒரே அமர்வில், பாடல் வரிசை மாறாமல் கேளுங்கள்.