காவிரிக் கரையில் ஒரு திபெத்

ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் – 12

கனடாவின் மானிட்டோபா புல்வெளியில் 1874இல் 18 குடும்பங்கள் கூடி ஸ்டைன்பாக் என்ற ஊரை உண்டாக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மென்னோனைட்டுகள் என்ற அந்தக் கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஆயுதம் தொடாமல் இருப்பது மதக் கடமை. ரஷ்யப் பேரரசில் கட்டாய ராணுவச் சேவை வரப்போகிறது என்று தெரிந்ததும் விளைந்த வயலையும் கட்டிய வீட்டையும் விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். ஏறுவதற்கு முன்பே, 1873இல், கனடா அரசிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டார்கள். எங்களைப் படைக்குக் கூப்பிடக் கூடாது, பள்ளிக்கூடம் எங்கள் கையில் இருக்க வேண்டும், நிலத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தராமல் ஒரே பரப்பாகத் தர வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தாற்போல் நிலம் கிடைத்த கூட்டம் ஊராகிறது, சிதறிப்போன கூட்டம் இரண்டே தலைமுறையில் கரைந்துபோகிறது. மென்னோனைட்டுகள் இதைக் கேட்டு 87 ஆண்டுகள் கழித்து, நம் காவிரிக் கரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கூட்டத்துக்கு அப்படி ஒரு நிலம் கிடைத்தது.

மைசூருவிலிருந்து மடிக்கேரி போகும் நெடுஞ்சாலையில் ஹுன்சூர், பிரியாபட்டணா தாண்டினால் பைலகுப்பே. இன்னும் சில கிலோமீட்டர் போனால் காவிரிப் பாலம். அக்கரையில் குடகின் குஷால்நகர். தஞ்சாவூர் வயலுக்குப் போகும் அதே தண்ணீர் இங்கே சிறு ஆறாக ஓடுகிறது. நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் பிரியும் சாலையில் இறங்கினால், இரண்டு கிலோமீட்டருக்குள் கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிடும். மக்காச்சோளக் கொல்லைகளுக்கு மேலே ஐந்து நிறக் கொடிகள் படபடக்கும். மெரூன் அங்கி போட்ட இளம் துறவிகள் ஸ்கூட்டரில் போவார்கள். 

1959 மார்ச் 17ஆம் தேதி இரவு தலாய் லாமா லாசாவை விட்டுப் புறப்பட்டார். அந்த மாதக் கடைசியில் இந்திய எல்லையைத் தாண்டினார். அவர் பின்னால் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் வந்தார்கள். அசாமில் தேஜ்பூருக்குப் பக்கத்தில் மிஸ்ஸாமாரியில் மூங்கில் கொட்டகைகள் போட்டு அவர்களை வைத்தார்கள். துறவிகளில் ஒரு பகுதியினரை வங்காளத்தின் பக்ஸா துவாரில், பிரிட்டிஷார் விடுதலைப் போராட்டக் கைதிகளை அடைத்துவைத்த பழைய சிறையில் தங்கவைத்தார்கள். பனிமலையின் உலர்ந்த குளிரில் வளர்ந்த உடம்புக்கு அசாமின் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. காசநோய் பலரைக் கொண்டுபோனது. உடம்பில் தெம்பு இருந்தவர்களை இமயமலைச் சரிவுகளில் சாலை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். குழந்தையைத் துணியில் கட்டிப் பாறையோரம் கிடத்திவிட்டுத் தாயும் தகப்பனும் கல் உடைத்தார்கள். வேலை நகர நகரக் கூடாரமும் நகர்ந்தது. பள்ளிக்கூடம் கிடையாது, மடம் கிடையாது, அடுத்த மாதம் எந்த மலையில் இருப்போம் என்பதும் தெரியாது.

தலாய் லாமா நேருவிடம் கேட்டது இரண்டு. என் ஜனங்கள் ஒன்றாக வாழ இடம் வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வேண்டும். நேரு மாநில அரசுகளிடம் நிலம் கேட்டார். முதலில் பெரிய மனதோடு முன்வந்தது அன்றைய மைசூர் மாநிலம். பைலகுப்பேயில் சுமார் 3000 ஏக்கர் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டது. மாநிலத்தின் மூத்த தலைவர் நிஜலிங்கப்பாவின் பெயரைத் தலாய் லாமா பிற்காலத்திலும் நன்றியோடு சொல்லிவந்திருக்கிறார். பள்ளிக்கூட விஷயத்தையும் நேரு தள்ளிப்போடவில்லை. திபெத்தியப் பிள்ளைகளின் படிப்புக்கென்றே 1961இல் மத்திய அரசு ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தியது.

1960இன் கடைசியில் முதல் அணி வந்து சேர்ந்தது. மொத்தம் 666 பேர். காட்டோரத்தில் கூடாரங்கள். கையில் அரிவாள், கோடாலி. மரத்தை வெட்டி, புதரைப் பிடுங்கி, மலைபோல் குவித்துத் தீ வைப்பதுதான் வேலை. மேலே வெயில், பக்கத்தில் நெருப்பு. அப்போது அங்கே போய்ப் பார்த்த தலாய் லாமா, வெயிலில் கறுத்து இளைத்துப்போன அந்த மனிதர்களைப் பற்றித் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாதிப் பேருக்கு இதெல்லாம் வீண் வேலை என்ற எண்ணம். இன்னும் கொஞ்ச நாளில் திபெத் திரும்பிவிடுவோம், அப்புறம் எதற்கு இந்தக் காட்டை வெட்டி மாய வேண்டும் என்று நினைத்தார்கள்.

யானைக்கு இது எதுவும் தெரியாது. அது நடந்துபோன தடத்தில் வீடு வந்தது, விளைந்த சோளம் வந்தது. இரவில் யானைகள் மந்தையாக வந்து மிதித்துவிட்டுப் போயின. யானையையே பார்த்திராதவர்கள் டின்னைத் தட்டிக்கொண்டு இரவு முழுக்கக் காவல் இருந்தார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் விவசாயமே தெரியாததுதான். பார்லி விதைத்தவர்களும் யாக் மேய்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பார்லியும் யாக்கும் இங்கே பிழைக்காது. பருவமழையை நம்பிய செம்மண் காட்டில் எதை எப்போது விதைப்பது என்று சுற்றுவட்டாரக் கன்னட விவசாயிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். மக்காச்சோளம் கைகொடுத்தது. ஆளுக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் நிலம் பிரிக்கப்பட்டது. உழவு டிராக்டரும் விளைச்சல் விற்பனையும் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பாயின. சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளிலிருந்தும் உதவி வந்தது.

குடியிருப்புக்கு லுக்சும் சம்டுப்லிங் என்று பெயர். 1969இல் பக்கத்திலேயே டிக்யி லார்சோ என்ற இரண்டாவது குடியிருப்பும் எழுந்தது. ஆனால் வீட்டு முகவரி கேட்டால் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. ஒண்ணாம் கேம்ப், நாலாம் கேம்ப் என்றுதான் பேச்சு. குஷால்நகர் ஆட்டோக்காரருக்கும் அதுதான் அடையாளம். ஒவ்வொரு கேம்பிலும் பொறுப்பாளர் ஒருவர். அவர்களுக்கு மேலே தரம்சாலாவிலுள்ள திபெத்திய நிர்வாகத்தின் குடியிருப்பு அதிகாரி. வாய்க்கால் தகராறு முதல் முதியோர் இல்லத்துச் சேர்க்கை வரை இந்த அமைப்புக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ள முடிகிறது. 

மடங்கள் வந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1963இல் பெனோர் ரின்போச்சே என்ற லாமா கைவிரலில் எண்ணக்கூடிய சில துறவிகளோடு நம்ட்ரோலிங் மடத்தைத் தொடங்கினார். முதல் கோயில் மூங்கிலால் கட்டியது. அவரே துறவிகளோடு சேர்ந்து கல்லும் மண்ணும் சுமந்தார். அந்த மடத்தில் 1999இல் திறக்கப்பட்டதுதான் இன்று சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும் தங்கக் கோயில். பெனோர் ரின்போச்சே 2009இல் மறைந்தார். 

சேராவின் வரலாறு இன்னும் பழையது. லாசாவுக்கு அருகில் 1419இல் எழுந்த பெரும் மடம் அது. மடம் அங்கே சிதைந்தபோது தப்பி வந்தவர்கள் பக்ஸா சிறையில் நோயோடும் பசியோடும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பாடத்தை விடாமல் படித்தார்கள். 1970இல் அவர்களில் சுமார் 300 பேர் பைலகுப்பே வந்து சேர்ந்தார்கள். ஓதுவதற்கு முன்னால் உழ வேண்டியிருந்தது. பகலில் வயல், இரவில் பாடம். 1447இல் ஷிகாட்சேயில் தோன்றிய டாஷி லுன்போ மடமும் 1972இல் இங்கே மறுபடி எழுந்தது. 

சேராவில் தர்க்கம் நடக்கும் நேரத்தில் அந்த முற்றத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார், அவர் பதில் சொல்பவர். எதிரே நிற்பவர் கேள்வி கேட்பவர். கேள்வியின் கடைசிச் சொல்லோடு இடது காலைத் தூக்கித் தரையில் மிதித்து, வலது உள்ளங்கையால் இடது கையில் ஓங்கி அறைவார். பதில் தடுமாறினால் சுற்றியிருப்பவர்கள் குரல் எழுப்புவார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இப்படி வாதாடுவார்கள். அறுநூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு கல்விமுறை பிரியாபட்டணா வட்டத்தின் செம்மண் பூமியில் உயிரோடு இருக்கிறது. இன்று அங்கே படிக்கும் சிறுவர்களில் நேபாளம், லடாக், அருணாசலம், பூட்டான் பிள்ளைகளும் நிறையவே உண்டு.

நிலம் மட்டும் வயிற்றை நிரப்பவில்லை. குடும்பம் பெருகியது, ஏக்கர் பெருகவில்லை. மழை பொய்த்த வருஷம் சோளமும் பொய்த்தது. அதனால் அறுவடை முடிந்ததும் லூதியானாவிலிருந்து ஸ்வெட்டர் மூட்டைகளைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவது பழக்கமாயிற்று. குளிர்காலம் முழுக்க நகரங்களின் நடைபாதைகளில் வியாபாரம், சீசன் முடிந்ததும் கடன் அடைப்பு, புத்தாண்டான லோசாருக்கு ஊர் திரும்பல். அந்த மாதங்களில் கேம்புகளில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மார்கழிக் குளிருக்கு நம் ஊர்களில் பேரம் பேசி ஸ்வெட்டர் வாங்கிய பலர், அதை விற்ற பெண் ஒரு விவசாயி என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

பைலகுப்பே நமக்கும் ஒன்று கொடுத்திருக்கிறது. திபெத்தியர் குடியமர்வுக்கு உதவுவதற்காக 1968இல் மைசூர் மறுகுடியமர்வு மற்றும் வளர்ச்சி முகமை என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மைராடா என்றால் பலருக்குத் தெரியும். திபெத்தியர் பணி முடிந்துவரும் நிலையில் அது கர்நாடகக் கிராமங்களின் ஏழைகள் பக்கம் திரும்பியது. பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்த இடங்களில், ஒருவரையொருவர் நம்பும் பதினைந்து இருபது பேர் சேர்ந்து சேமிப்பதும் கடன் கொடுத்துக்கொள்வதும் தானாகவே முளைப்பதை எண்பதுகளின் நடுவில் அதன் பணியாளர்கள் கவனித்தார்கள், அதை வளர்த்தார்கள். நபார்டு கைகொடுத்தது. 1989இல் தமிழ்நாடு அரசு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது களத்தில் மைராடா இருந்தது. இன்று நம் ஊர்களில் வாரம்தோறும் கூடி நோட்டில் கணக்கெழுதும் சுயஉதவிக் குழுக்களின் வேர்களில் ஒன்று இந்தத் திபெத்தியர் காட்டுக்குப் போகிறது. 

இந்தக் கதையை எழுதும்போது ஒரு தமிழனுக்கு மனம் மண்டபம் அகதி முகாம் பக்கம் போகாமல் இருக்காது. 1983க்குப் பிறகு படகேறி வந்த ஈழத் தமிழர்களைத் தமிழ்நாடு ஏற்றுக்கொண்டது, சோறு போட்டது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் பிரித்து வைக்கப்பட்டார்கள். உழுது விதைக்கும்படி ஒரு பரப்பு நிலம் கிடைக்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில் மூன்றாவது தலைமுறை பிறந்துவிட்டது. அந்த முகாம்களில் பழுதடைந்த 7469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக மாநில அரசு 2021இல்தான் அறிவித்தது. இந்தியா 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. எல்லாமே அந்தந்த நேரத்து அரசின் உத்தரவு. 1960இல் திபெத்தியருக்காக டெல்லியும் மைசூரும் ஒரே மனதாக நின்றன. ஈழத் தமிழருக்கு அப்படி ஒரு நேரம் வாய்க்கவில்லை. சொந்த மொழி பேசும் மண்ணில் அது வாய்க்காமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பைலகுப்பேயிலும் எல்லாம் நிலைத்துவிடவில்லை. நிலம் திபெத்தியருடையது அல்ல, அரசுடையது. அவர்கள் அதில் இருப்பவர்கள் மட்டுமே. குத்தகை ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் அரசின் நலத்திட்டங்களை அவர்களுக்கு நீட்டிக்கவும் 2014இல் மத்திய அரசு திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கையைக் கொண்டுவந்தது. படித்த இளைஞர்கள் பெங்களூருக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறார்கள். தாத்தா காடு வெட்டிய கொல்லையில் பேரன் நிற்பதில்லை. மென்னோனைட்டுகளுக்கும் இது நடந்தது. பள்ளி விஷயத்தில் மானிட்டோபா அரசு 1916இல் சட்டத்தை இறுக்கியது. இருபதுகளில் ஆயிரக்கணக்கானோர் மெக்சிகோவுக்கும் பராகுவேக்கும் மூட்டை கட்டினார்கள். தங்கியவர்களின் ஸ்டைன்பாக் பலரும் வந்து குடியேறும் நகரமாகிவிட்டது.

இங்கே சிக்கல் வேறு மாதிரி. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்கள், திபெத்தியரும் இதில் அடக்கம் என்று டெல்லி, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2014 முதல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் வழி பிறந்தது. பாஸ்போர்ட் கேட்டபோது 2017இல் மத்திய அரசு நிபந்தனைகளை விதித்தது. அகதிப் பதிவுச் சான்றை ரத்துசெய்ய வேண்டும், திபெத்திய நிர்வாகத்தின் சலுகைகளை விட வேண்டும், திபெத்தியருக்கென ஒதுக்கிய குடியிருப்பில் வசிக்கக் கூடாது. ஒண்ணாம் கேம்பில் பிறந்து, சேராவின் மணியோசையில் வளர்ந்து, கன்னடமும் திபெத்திய மொழியும் பேசும் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட் பெற வேண்டுமானால் இந்தியாவுக்குள் தான் பிறந்த ஊரை விட்டு வெளியேற வேண்டும். பலர் விண்ணப்பத்தை எழுதாமலே வைத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் பர்கூர் மலைக்கு அந்தப் பக்கம், கொள்ளேகால் காட்டிலுள்ள ஓடெயரபாளையத்துக்குப் போவோம். திபெத்தியர் தமிழ் கேட்டு வளர்ந்த ஊர் அது.

(தொடரும்)