மார்பகச் சுமையும் மருத்துவக் கத்தியும்

வெண்ணந்தூர்த் தெருக்களில் பொழுது புலருமுன் காதில் விழுவது கோயில் மணியன்று, தறியின் ஓசை. அன்று குழித்தறி, இன்று பெரும்பாலும் விசைத்தறி. அலவாய்மலையின் பக்கத்தில் அமைந்த இந்த நெசவூரில் ஆணுக்கு இணையாகப் பெண்ணும் உழைக்கிறாள். தார் சுற்றுகிறாள், பாவு பிணைக்கிறாள், அறுந்த இழையைத் தேடிக் குனிகிறாள். குனிந்த முதுகு நிமிருமுன் அடுத்த இழை அறுகிறது. மாலையில் கழுத்து வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்கிறாள். தறி வேலை என்றால் வலிக்காதா என்று வீட்டார் விடை தருகின்றனர். அந்த விடை பலருக்குப் பொருந்தும். சிலருக்குப் பொருந்தாது. அந்தச் சிலர் தறியின் சுமையோடு இன்னொரு சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றனர். அளவு மீறிப் பெருத்த மார்பகமே அந்தச் சுமை.

இதைச் சொன்னவுடன் சிரிப்பவர் சிலர், முகம் சுளிப்பவர் சிலர். தோழர்களே, காலில் ஆணி என்றால் சிரிக்கிறோமா? கண்ணில் புரை என்றால் முகம் சுளிக்கிறோமா? உடலின் ஓர் உறுப்பைப் பாட்டில் வருணிக்கத் தயங்காத சமுதாயம், அதே உறுப்பு வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறது! கண்ணேறு என்று கயிறு கட்டுவார்கள். சூட்டு உடம்பு என்று எண்ணெய் தேய்ப்பார்கள். மருத்துவரிடம் போகச் சொல்ல மாட்டார்கள்.

நோய் என்ன? பரம்பரை, உடற்சுரப்புகளின் தூண்டல், உடற்பருமன், கருவுறுதல் ஆகிய காரணங்களால் மார்பகம் அளவு மீறிப் பெருப்பதுண்டு. சில சிறுமியருக்குப் பருவமெய்தும் காலத்திலேயே சில மாதங்களில் விரைந்து வளர்ந்துவிடுவதும் உண்டு. அதன் விளைவாகக் கழுத்திலும் தோளிலும் மேல் முதுகிலும் ஓயாத வலி; உள்ளாடையின் பட்டை தோளில் பள்ளமாகப் பதியும்; மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணாகும், கோடைக்காலத்தில் ஆறவே ஆறாது; சிலருக்கு விரல்கள் மரத்துப் போகும். எடையைக் குறைப்பதும், நன்கு தாங்கும் உள்ளாடை அணிவதும், உடற்பயிற்சியும் முதலில் செய்து பார்க்கத்தக்கவையே. ஆனால் மிகப் பெருத்தவர்க்கு அவை நிலையான விடுதலை தருவது அரிது. அறுவையே தீர்வு என்ற நிலை வருவது அங்கேதான்.

பெண்ணின் மார்பைப் பற்றி முடிவு செய்யும் உரிமையை அவளைத் தவிர மற்ற எல்லாரும் எடுத்துக்கொண்ட நாடு இது. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலே சீலை அணியக் கூடாது என்று தடுத்தனர். தடையை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராட்டம் நடந்தது. 1859-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் மன்னரின் அறிவிப்பு வந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்றது அது! விடுதலையிலும் ஒரு விலங்கு. மறைக்கலாமா என்று அரசன் தீர்மானித்த காலம் போயிற்று. வலித்தால் மருத்துவம் பார்க்கலாமா என்று மாமியாரும் மாமனாரும் தீர்மானிக்கும் காலம் இன்னும் போகவில்லை.

மார்பகத்தைக் குறைக்கும் அறுவையைப் பற்றிய பழங்குறிப்புகளுள் ஒன்று 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க மருத்துவரான ஈசினாத் தீவுப் பவுல் அதை எழுதி வைத்தார். பிறைவடிவில் இரண்டு வெட்டுகள், உள்ளிருக்கும் கொழுப்பை நீக்குதல், பின்பு தையல் என்பதே அவர் கூறிய முறை. யாருக்காக என்று எண்ணுகிறீர்கள்? ஆண்களுக்காக! ஆணின் மார்பு பெண்ணின் மார்பு போலத் தோன்றினால் இழுக்கு என்பதற்காக. முதுகொடியச் சுமந்த பெண்ணின் வலிக்குக் கத்தி எடுக்க இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் 1669-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஓர் இளம்பெண்ணின் மார்பகங்கள் திடீரெனப் பெருத்தன. சில மாதங்களில் அவள் இறந்தாள். இறந்தபின் ஒரு மார்பகத்தை நிறுத்தபோது 64 பவுண்டு இருந்ததாக டர்ஸ்டன் என்ற மருத்துவர் இலண்டன் அறிஞர் கழகத்தின் ஏட்டில் எழுதினார். எடை போடத்தான் அன்றைய மருத்துவத்தால் முடிந்தது.

மயக்க மருந்து இல்லாத காலத்தில் கத்தி வைப்பதென்றால் என்ன? 1811-இல் பாரிசில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்கு, நெப்போலியன் படையின் பெரும் மருத்துவரான லாரே, நோயுற்ற மார்பகத்தை நீக்கினார். அவர் முழு உணர்வோடு இருந்தார். அந்தக் கொடுமையைப் பின்னர்த் தம் தமக்கைக்குக் கடிதமாக எழுதினார். அதற்கு ஏழாண்டு முன்பே, 1804-இல், ஜப்பானில் ஹனவோகா செய்ஷு என்ற மருத்துவர் மூலிகைக் கலவை ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, 60 வயதுப் பெண்ணொருத்தியின் மார்பகப் புற்றை உணர்வின்றி அறுத்தெடுத்தார். அந்தக் கலவையில் முதன்மையானது நம்மூர் வேலியோரத்தில் முளைக்கும் ஊமத்தையின் இனம்! நாம் அதைச் சிவனுக்குச் சூட்டி நிறுத்திக்கொண்டோம். அவர் அளந்து பார்த்தார். அந்த ஆராய்ச்சியில் மருந்தைத் தானே குடித்துப் பார்த்த அவர் மனைவி பார்வையை இழந்தார் என்பது அந்நாட்டில் வழங்கும் செய்தி. இவ்விரண்டும் புற்றுக்காகச் செய்த அறுவைகள். குறைப்பு அறுவை வேறு. மார்பை எடுத்துவிடுவார்களாம் என்று அஞ்சும் பெண்ணுக்கு இந்த வேறுபாட்டை முதலில் விளக்க வேண்டும். ஈதர் மயக்கம் 1846-இல் பாஸ்டனில் உலகறிய மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே இத்தகைய நுண்வேலைக்கு வழி பிறந்தது.

இனி நமக்கு நெருங்கிய ஒரு செய்தி. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமையும் பாரமகாலும் திப்புவின் கையிலிருந்து ஆங்கிலக் கும்பினியின் கைக்கு மாறின. அந்தப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டன. பின்பு பூனா நகரில் ஒருவர் அவருக்கு மூக்கு செய்து கொடுத்தார். செய்தவர் பண்டிதரல்லர், வேதம் ஓதியவரல்லர். செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்தவர் என்கிறது குறிப்பு. நெற்றித் தோலை மூக்கின் அளவுக்கு வரைந்து, அறுத்து, முழுவதும் துண்டிக்காமல் புருவ நடுவில் ஒரு காம்பை மட்டும் விட்டுத் திருப்பி ஒட்ட வைத்தார். அந்தக் காம்பின் வழியே குருதி ஓடியது. தோல் உயிரோடு இருந்தது. 1794-இல் இலண்டன் இதழொன்றில் இது வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற மருத்துவர் 1814-இல் அங்கே அதே முறையில் மூக்கு அமைத்தார். ஐரோப்பாவில் ஒட்டறுவை மறுபிறப்பு எடுத்தது இப்படித்தான். மூக்கறுத்தவர்களின் பெயரை வரலாறு காத்து வைத்திருக்கிறது. மூக்கு செய்தவர் பெயரைக் காக்கவில்லை.

மூக்குக்கும் மார்புக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். காம்புதான் உறவு! மார்பகத்தைக் குறைக்கும்போது மிகுதியான தசையையும் கொழுப்பையும் தோலையும் நீக்குவதோடு, கீழே தொங்கிய முலைக்கண்ணை மேலே உரிய இடத்துக்கு ஏற்ற வேண்டும். வெட்டி எடுத்து ஒட்டினால் உணர்ச்சி போய்விடும். பால் வழியும் அறுந்துவிடும். சிகாகோ நகரின் தோரெக் 1922-இல் செய்தது அத்தகைய முறையே. மிகமிகப் பெருத்த மார்பகங்களுக்கு இன்றும் சில வேளைகளில் அதைக் கையாளுகின்றனர். பெரும்பாலோர்க்கு, குருதிக் குழாய்களும் நரம்புகளும் அடங்கிய ஒரு காம்பை விட்டுவைத்து, அதன் மேல் முலைக்கண்ணை உயிரோடு நகர்த்துகின்றனர். பூனாவின் செங்கல் தொழிலாளி கண்ட அதே நெறி.

நெசவூர்த் தோழர்கள் கேட்டு மகிழத்தக்க இன்னொன்றும் உண்டு. எவ்வளவு தோலை, எந்த வடிவில் வெட்டுவது என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. கண்ணளவில் வெட்டியவர்கள் பலர். 1956-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த வைஸ் என்ற மருத்துவர், உள்ளாடை தைப்பவர்களின் வெட்டுப் படிவத்தைப் பார்த்தார். தட்டையான துணியை வெட்டிக் குவிந்த வடிவம் ஆக்கும் வித்தை தையற்காரரிடம் முன்பே இருந்ததல்லவா! அதைத் தோலில் வரைந்தார். அவர் பெயரால் வழங்கும் அந்தப் படிவத்தை இன்றும் உலகெங்கும் கையாளுகின்றனர். முலைக்கண்ணைச் சுற்றி ஒன்று, நேர் கீழே ஒன்று, அடிமடிப்பில் ஒன்று என நங்கூரம் போல மூன்று தழும்புகள் நிற்கும். பின்வந்தவர்கள் அடிமடிப்புத் தழும்பைக் குறைத்த முறைகளையும் கண்டனர்.

சென்னைக்கு வருவோம். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சக் காலத்தில் கஞ்சி வார்த்த சத்திரத்தை வேராகக் கொண்டு வளர்ந்தது ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மக்கள் நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். அங்கே 2018 பிப்ரவரியில் அரசு ஒரு மார்பகச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிற்று. குறைப்பு, பெருக்குதல், சீரமைப்பு மூன்றும் ஏழைகளுக்கு இலவசம் என்றது. உடனே கிளம்பிற்று ஏளனம். உயிர் காக்கும் மருத்துவம் இருக்க அழகு மருத்துவத்துக்கா அரசுப் பணம் என்று பொதுச் சுகாதாரத் துறையில் உயர்பதவி வகித்த ஒருவரும் கேட்டார். ஏழைக்கு மட்டும் அழகு மருத்துவம் ஏன் கிடைக்கக் கூடாது என்றார் அன்றைய நல்வாழ்வுத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அழகு என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டியது பிழை என்பது நம் கருத்து. பெருக்குவதும் குறைப்பதும் ஒன்றல்ல. அடிமடிப்புப் புண்ணோடும் மரத்த விரலோடும் வருபவள் அழகு தேடி வரவில்லை. பெரிய மார்பு கொண்ட பெண்கள் வெளியே வரவே கூசுகின்றனர் என்று அந்த மருத்துவமனையின் ஒட்டறுவைத் துறைத் தலைவரே அன்று எடுத்துரைத்தார். பணம் படைத்தவள் தனியார் மருத்துவமனையில் ஓசையின்றிச் செய்துகொண்டால் அது மருத்துவம். தறிக்காரி அரசு மருத்துவமனையில் செய்துகொண்டால் ஆடம்பரமா?

அறுவையை எண்ணுபவள் அறிய வேண்டியவை சில உண்டு. வளர்ச்சி முடியும் முன் அவசரப்படுதல் ஆகாது. பெரும்பாலும் 18 வயது வரை பொறுக்கச் சொல்வர், பருவத்தில் கட்டின்றி வளரும் சிலருக்கு மட்டும் விலக்கு. விரைவில் பிள்ளை பெற நினைப்பவள் அதற்குப் பின் செய்துகொள்வது நலம். கருவுற்றால் அளவு மாறும் என்பது ஒன்று, பாலூட்டும் திறன் குறையலாம் என்பது மற்றொன்று. காம்பு விட்டுச் செய்த பலர் பாலூட்டுகின்றனர்; சிலருக்குப் பால் போதாமற் போவதும் உண்டு. குடும்பத்தில் புற்று இருந்தாலோ, 40 வயதை நெருங்கினாலோ முன்கூட்டியே மார்பகப் படம் எடுத்துப் பார்ப்பர். நீக்கிய தசையையும் சோதனைக்கு அனுப்புவர். அரிதாக அதில் மறைந்திருந்த புற்று வெளிப்பட்டதுண்டு.

புகையிலையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் அந்தத் துண்டும் பீடியும் குருதிக் குழாயைச் சுருக்குவன. விட்டுவைத்த காம்பில் குருதி ஓடாவிட்டால் முலைக்கண் கறுத்து அழுகிப் போகும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் அறவே விட வேண்டும். மருத்துவரிடம் மறைப்பது தன்னையே ஏமாற்றுவதாகும். நீரிழிவும் சோகையும் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

முழு மயக்கத்தில் ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மணி நேர வேலை. தழும்பு போகவே போகாது, ஓராண்டில் மங்கும். கருநிறத் தோலில் தழும்பு தடித்துப் புடைப்பதும் கூடுதல். குருதிக் கசிவு, சீழ், நங்கூரத் தையல்கள் கூடுமிடத்தில் புண் ஆறத் தாமதம், முலைக்கண்ணில் உணர்ச்சிக் குறைவு, இருபுறமும் சற்றே ஏற்றத்தாழ்வு ஆகியவை நேரக்கூடும். உடல் பெருத்தால் மார்பும் மீண்டும் பெருக்கலாம். இவ்வளவையும் எடுத்துச் சொன்ன பின்னும், செய்துகொண்ட பெண்களுள் மிகப் பெரும்பாலோர் வலி நீங்கி நிறைவோடு இருக்கின்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டார் அறிய வேண்டியது வேறு. ஓரிரு வாரத்தில் எழுந்து நடமாடுவாள். ஆனால் நாலு முதல் ஆறு வாரம் வரை நீர்க்குடம் தூக்கக் கூடாது, பாவு உருளையைத் தொடக் கூடாது, பிள்ளையை இடுப்பில் ஏற்றக் கூடாது. அந்த ஆறு வாரத்துக் கூலிக்கு என்ன செய்வது என்பதை ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் பேசி முடிக்காத குடும்பத்தில், மூன்றாம் வாரமே அவள் தறியின் முன் நிற்பாள், தையல் பிரியும்.

கடைசியாக ஒப்புதல் தாள். 18 வயது நிரம்பியவளுக்கு அவள் கையெழுத்தே போதும். கணவனுடையதோ தாயுடையதோ சட்டப்படி தேவையில்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கிற்று. சோதனைக்கென மயக்கத்தில் படுக்க வைத்த 44 வயதுப் பெண்ணொருத்தியின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற தாயிடம் ஒப்புதல் பெற்று எடுத்துவிட்டனர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் ஒப்புதல் மகளின் ஒப்புதல் ஆகாது என்றது தீர்ப்பு. ஆகவே கையெழுத்திடுமுன் அவளே கேட்கட்டும்: எவ்வளவு எடுப்பீர்கள், காம்பை எப்பக்கம் விடுவீர்கள், தழும்பு எங்கே நிற்கும், கத்தி பிடிப்பவர் யார்?