சந்தேகப் பிராணி வீனஸ்

போன வாரம் உங்களைப் பிட்ஸ்பர்க்கில், மூச்சுத் திணறும் சர்வர்களுக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனேன். வாருங்கள், உள்ளே போவோம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ திட்டம். வளாகத்தில் 5,000 முதல் 10,000 கணினிகள் என்பது இலக்கு. எதன் முன்னால் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்பு அவரவர் கைக்கு வர வேண்டும். அந்தக் கனவைக் கட்டிய குழுவில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போன மகாதேவ் சத்யநாராயணன் இருந்தார்.

முதல் வடிவம் ஓடியது. சுமார் 100 கணினிகள், 400 பேர், 6 சர்வர்கள். இந்தச் சின்னக் கூட்டத்துக்கே சர்வர்கள் களைத்துப்போயின.

ஏன்?

கோப்பைத் திறந்தால் அது முழுவதும் பயனரின் கணினிக்கே வந்துவிடும். அடுத்த முறை பெரும்பாலும் அந்த நகலே போதும். பிறகு சர்வருக்கு என்ன வேலை?

குழு எண்ண ஆரம்பித்தது. சர்வருக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் வகை பிரித்தார்கள். கோப்பைக் கொடு என்ற அழைப்பு 4 சதவீதம். சேமித்துக்கொள் என்பது 2.1.

ஒரே ஒரு கேள்வி மட்டும் 61.7 சதவீதம்.

‘என்னிடம் இருக்கும் நகல் இன்னும் செல்லுமா?’

கேட்டது வீனஸ். பயனரின் கணினியில் இருந்துகொண்டு கோப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நிரல். அதன் பயம் நியாயமானது. வேறொருவர் வேறொரு கணினியில் அதே கோப்பைத் திருத்தியிருந்தால்? பழைய பக்கத்தைக் காட்டினால் பயனருக்கு அல்லவா நஷ்டம்! அதனால் திறக்கும்போதெல்லாம் முடிவைச் சர்வரிடமே விட்டது. கோப்பு எந்த அடைவுக்குள் இருக்கிறது என்று வழி தேடும் வேலையும் சர்வர் தலையில்தான்.

கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே முன்பு இயங்கிய மிளகு முன்பேர வர்த்தகக் கூடத்துக்கு ஒரு வியாபாரி நிமிடத்துக்கு ஒரு தடவை போன் போட்டு, விலை மாறிவிட்டதா என்று கேட்கிறார். எல்லா வியாபாரியும் அப்படிக் கேட்டால் கூடத்தில் ஏலம் நடக்குமா? விலை மாறினால் நாங்களே கூப்பிடுகிறோம் என்று கூடம் வாக்குக் கொடுத்துவிட்டால்?

குழு அந்த வாக்கைத்தான் எழுதியது. பெயர் கால்பேக். கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர் சொல்லிவிடும்: யாராவது மாற்றினால் நானே தகவல் தருகிறேன். அதுவரை நகல் செல்லுமா என்பது வீனஸின் சொந்த முடிவு. வழி தேடும் வேலையும் வீனஸுக்கே மாறியது.

சன் நிறுவனத்தின் என்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறை வேறு வழியில் போனது. அங்கே சர்வர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. சில நொடிகளுக்கு நகலை நம்பிவிட்டு, பிறகு பயனரின் கணினி மறுபடி கேட்கும். சர்வர் விழுந்து எழுந்தாலும் குழப்பம் குறைவு. ஆனால் அந்தச் சில நொடிகளில் பழைய பக்கம் கண்ணில் படலாம். ஆண்ட்ரூ குழு ஞாபகத்தின் சுமையை ஏற்றது. யாருக்கு எந்தக் கோப்பில் வாக்குக் கொடுத்தோம் என்று சர்வர் நினைவில் வைத்தாக வேண்டும். சர்வர் விழுந்தால் நினைவும் போய்விடும். என் கணக்கில் அது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

ஏறக்குறைய 20 கணினிகளோடு தள்ளாடிய ஒரு சர்வர், இப்போது 50ஐத் தாங்கியது.

குழு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

ஆனால் வாக்கைக் காப்பாற்ற ஒரு கம்பி வேண்டும். கம்பி அறுந்துவிட்டால் மாற்றம் நடந்தும் தகவல் வராது. வீனஸ் கையில் நகல் இருக்கிறது, பயனர் அவசரமாகக் கோப்பைத் திருத்தப் பார்க்கிறார், சர்வரோ எட்டாத தூரத்தில். இப்போது முடிவு யாருடையது?

சத்யநாராயணன் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கோடா என்ற புதிய முறையில் இறங்கினார். கம்பி அறுந்தபோது இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்திவிட்டார்கள். யார் திருத்தியது நிற்கும்? அடுத்த வாரம் சொல்கிறேன்.