கொடைக்கானல் பாதரசமும் எழுதாமல் விட்ட கணக்கும்

நான் இருக்கும் ஆனேக்கல் வட்டத்தில் ஜிகணி, பொம்மசந்திரா, அத்திபெலே என்று எங்கு திரும்பினாலும் தொழிற்பேட்டைதான். கடன் கோப்போடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வரும். அது புகைபோக்கிக்கும் கழிவுநீருக்கும். உள்ளே எட்டு மணி நேரம் நிற்கிறவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கின் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

1946இல் அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிபுணர்களின் சங்கம் ஒன்று, எந்த ரசாயனம் காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று பட்டியல் போட்டது. ஆனால் கூடத்தின் மூலையில் கருவி வைத்து எடுக்கும் அளவும், தொழிலாளியின் மூக்கருகே உள்ள அளவும் ஒன்றல்ல. 1960இல் இங்கிலாந்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்க் என்ற இருவர், உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும் காற்று மாதிரிக் கருவியைப் பற்றி எழுதினார்கள். சட்டைக் காலரில் வடிகட்டி, கூடவே சின்ன பம்ப். அவ்வளவுதான் விஷயம்!

நம் நாட்டில்? போபால் (1984) நடந்த பிறகுதான் விழித்தோம். 1987 திருத்தத்தில், தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வரம்புகள் அட்டவணையாக ஏறின. பாதரச ஆவிக்கு, எட்டு மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். வங்கிக்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் பாதரசம் முழுதும் ஆவியானால் 20,000 கன மீட்டர் காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

இப்போது கொடைக்கானல். 1980களின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை மலையேறி வந்தது. முதலில் பாண்ட்ஸ், 1987இல் இந்துஸ்தான் லீவர் கைக்கு. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய 7.4 டன் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆலை மூடல். 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

கழிவை எடை போடலாம், திருப்பி அனுப்பலாம். உடம்பில் போனதை? சிறுநீரில் பாதரசத்தின் அளவு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பாதியாகும். வேலையை விட்ட ஓரிரு வருடத்தில் சோதித்தால் சாதாரணமாகத்தான் தெரியும். சிறுநீரகமும் நரம்பும் பட்டது மட்டும் நிற்கலாம். அன்றன்று எடுக்காத அளவைப் பிறகு எந்தப் பரிசோதனைக் கூடமும் எடுத்துத் தர முடியாது. அதனால்தான் அத்தனை வருட வழக்கு. தொழிலாளர்களைத் தொடர்ந்து பரிசோதித்தோம், பாதிப்பில்லை என்றது நிறுவனம். சிறுநீரகக் கோளாறும் நடுக்கமும் எங்களுக்குத்தானே என்றார்கள் முன்னாள் தொழிலாளர்கள். என் கட்சி? பரிசோதித்த ஏடு ஒரே தரப்பின் கையில் இருக்கும்போது, நம்பு என்று சொல்வது தணிக்கை ஆகாது.

வேடிக்கை பாருங்கள், ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்து விஞ்ஞானிகள் கொடைக்கானல் மரங்களின் பாசியிலும் லைக்கனிலும் (நாம் குருமாவுக்குப் போடும் கல்பாசியின் இனம்) பாதரசத்தை அளந்து காட்டினார்கள். பாசிக்கு இருந்த பதிவேடு ஆளுக்கு இல்லை.

2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்பதை வெளியே சொல்லவில்லை.