கார் ஒலித்தணிப்பு

ஓடும் காரின் உள்ளே கேட்கும் சாலை இரைச்சலைக் குறைக்கச் செய்யப்படும் வேலைகளுக்குப் பொதுப்பெயர் கார் ஒலித்தணிப்பு. தகடுகளின் அதிர்வைத் தணிப்பது, காற்று வழியாக வரும் ஒலியைத் தடுப்பது, உள்ளே நுழைந்துவிட்ட ஒலியை உறிஞ்சுவது என இதில் மூன்று வேலைகள் உள்ளன. மூன்றையும் ஒரே பொருள் செய்துவிடாது. எந்த ஒலி எந்த வழியாக வருகிறது என்று அறிந்து, அதற்குரிய பொருளை அதற்குரிய இடத்தில் பொருத்தினால்தான் பலன் கிடைக்கும். இல்லையேல் காரின் எடையும் செலவும் மட்டுமே கூடும். நீண்ட பயணத்தில் ஓயாத இரைச்சல் ஓட்டுபவரைக் களைப்படையச் செய்வதால், இது சொகுசுக்கான வேலை மட்டுமன்று.

இரைச்சலின் தோற்றம்

டயரின் பட்டன்கள் சாலையில் ஒவ்வொன்றாக மோதும்போதும், அவற்றின் இடுக்குகளில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறும்போதும் ஒலி பிறக்கிறது. பெரும்பாலான டயர்களில் இவ்வொலியின் உச்சம் 1000 ஹெர்ட்சை ஒட்டி அமைகிறது. சாலையின் சொரசொரப்பு சக்கரத்தை உலுக்குவதால் எழும் அதிர்வோ சஸ்பென்ஷன் வழியாகப் பாடிக்கு ஏறி, தளத்தையும் கூரையையும் அதிரவைக்கிறது. டயருக்குள் அடைபட்ட காற்றுக்கும் தனக்கென ஓர் ஒத்ததிர்வு உண்டு. பயணிகள் கார்களில் அது பொதுவாக 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் காணப்படும்.

ஏறத்தாழ 500 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள சாலை இரைச்சல் பெரும்பாலும் உலோகக் கட்டமைப்பின் வழியாகவும், அதற்கு மேலுள்ளது பெரும்பாலும் காற்றின் வழியாகவும் உள்ளே வருகிறது. முன்னது அடிவயிற்றில் உணரப்படும் உறுமல். பின்னது காதில் விழும் இரைச்சல். மின்சாரக் கார்களில் இரண்டையும் மறைக்க எஞ்சின் ஓசை இல்லாததால், சாலை இரைச்சல் இன்னும் துலக்கமாகக் கேட்கிறது.

அதிர்வுத் தணிப்புத் தாள்

ஒலித்துக்கொண்டிருக்கும் வெண்கல மணியைக் கையால் பற்றினால் ஓசை அடங்குவதுபோல, அதிரும் தகட்டின் ஆற்றலை உறிஞ்சி அடக்குவது இத்தாளின் வேலை. கடைகளில் கிடைக்கும் வகையில் பியூட்டைல் ரப்பர் அடுக்கின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். தடிமன் பெரும்பாலும் 2 மி.மீ. அளவில் இருக்கும். கார்த் தகடு வளையும்போது, அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவே சிக்கிய ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டுச் சறுக்குத் திரிபு அடைகிறது. அதிர்வின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறுகிறது. அலுமினியம் இல்லாவிட்டால் இந்த இழுபறி பெருமளவு குறைந்துவிடும். இம்முறையின் கணித அடிப்படையை எட்வர்ட் கெர்வின் 1959-இல் வெளியிட்டார். பியூட்டைல் ரப்பரை அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் இருவரும் 1937-இல் உருவாக்கினர்.

தகடு முழுவதையும் இத்தாளால் மூட வேண்டியதில்லை. நடுப்பகுதியில் நான்கில் ஒரு பங்கை மூடினாலே ஒத்ததிர்வு பெருமளவு அடங்கும். அதற்குமேல் ஒட்டும் ஒவ்வொரு தாளும் தரும் கூடுதல் பலன் குறைந்துகொண்டே போகும். விலை குறைந்த தார்த் தாள்களும் உண்டு. வெயிலில் நின்ற காரின் கூரைச் சூட்டில் அவை இளகி வழியவும் வாடை வீசவும் கூடும் என்பதால், வெப்ப நாடுகளில் கூரைக்கும் கதவுக்கும் பியூட்டைலே ஏற்றது.

தடுப்புத் திரை

காற்று வழியாக வரும் ஒலியைத் தடுக்க எடை வேண்டும். ஒரு தடுப்பின் பரப்படர்த்தி இருமடங்கானால், அதன் ஒலித்தடை கோட்பாட்டளவில் 6 டெசிபல் கூடும். இதற்கு நிறை விதி என்று பெயர். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கி.கி. எடையுள்ள கன வினைல் விரிப்பு இதற்குப் பயன்படுகிறது. அதைத் தகட்டின் மேல் நேரடியாக ஒட்டாமல், இடையே மூடிய குமிழ் ஃபோம் வைத்து விலக்கிப் போடுவதே முறை. ஒட்டிவிட்டால் தகட்டின் அதிர்வு விரிப்புக்கும் தாவிவிடும்.

தடுப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மீதமுள்ள பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்த ஒலித்தடை 20 டெசிபலைத் தாண்டாது. தேய்ந்த கதவு ரப்பர் பீடிங்கை மாற்றுவதும், ஒயர்கள் நுழையும் துளைகளை அடைப்பதும் விலையுயர்ந்த விரிப்புக்கு முன்னால் செய்ய வேண்டியவை என்பது இதனால்தான்.

உறிஞ்சும் பொருட்கள்

ஃபெல்ட், திறந்த குமிழ் ஃபோம், செயற்கை இழைப் பஞ்சு ஆகியவை தம்முள் புகும் ஒலியை உராய்வால் வெப்பமாக்குகின்றன. ஓர் அலையை நன்றாக உறிஞ்ச, அதன் அலைநீளத்தில் கால் பங்கை நெருங்கும் தடிமன் தேவை. 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது சுமார் 8.5 செ.மீ.; 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 85 செ.மீ. எனவே ஓரிரு செ.மீ. பஞ்சு உயர் அதிர்வெண் ஒலியைக் குறைக்குமே தவிர, சக்கர உறுமலை அசைக்காது. நீரை உறிஞ்சாத வகையையே காரில் வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் தகடு துருப்பிடிக்கும்.

பொருத்தும் இடமும் முறையும்

சாலை இரைச்சலைக் குறைப்பதில் முதலிடம் வீல் ஆர்ச்சுகளுக்கும் தளத்துக்கும் உரியது. அடுத்து டிக்கியின் ஸ்டெப்னி குழியும் கதவுகளும் வரும். கூரையில் ஒட்டுவதால் மழைத்துளிகளின் படபடப்பு குறையும். விரலால் தட்டிப் பார்த்தால், ‘டங்’ என்று நீண்டு ஒலிக்கும் தகட்டுக்குத் தாள் தேவை. ‘டொப்’ என்று அடங்கும் தகட்டுக்குத் தேவையில்லை.

எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தாளை ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாதபடி ரோலரால் அழுத்த வேண்டும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மூடக் கூடாது. கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைநீர் அவ்வழியேதான் வெளியேறுகிறது. ஏர்பேக் ஒயர்களையும் இணைப்பிகளையும் அழுத்தாமல் விலகி ஒட்டுவது பாதுகாப்பு. தீப்பற்றும் தன்மையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் 302, காரின் உட்புறப் பொருட்களில் தீ நிமிடத்துக்கு 102 மி.மீ. வேகத்துக்கு மேல் பரவக் கூடாது என்கிறது.

அளவீடு

காருக்குள் இரைச்சலை அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 5128 தரம் வகுத்துள்ளது. ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே டயர்க் காற்றழுத்தம் என்று வைத்து முன்னும் பின்னும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். டெசிபல் மடக்கை அளவு என்பதால், சமமான இரு ஒலிமூலங்களில் ஒன்றை முழுவதும் அகற்றினாலும் 3 டெசிபல்தான் குறையும். பாதியாகிவிட்டதாகக் காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஒரு கதவில் மட்டும் தாள் ஒட்டிவிட்டு மாற்றமில்லை என்று சோர்வதற்கு இதுவே காரணம்: மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

வரம்புகளும் பிற வழிகளும்

சீரற்றுத் தேய்ந்த டயர், பழுதான வீல் பேரிங், நைந்த சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றின் ஓசையைத் தாள் ஒட்டி மறைக்க முயல்வது ஆபத்து. அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். டயரை மாற்றும்போது அமைதியான வகையைத் தேர்வது பல நேரம் ஒலித்தணிப்புத் தாளைவிட எளிய வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 நவம்பர் முதல் டயர்ச் சீட்டில் அச்சிடப்படும் டெசிபல் எண், காருக்கு வெளியே கேட்கும் ஒலியைக் குறிப்பது. உள்ளே கேட்பதை அது நேரடியாகச் சொல்லாது. டயரின் உட்காற்று ஒத்ததிர்வைக் குறைக்க மிஷ்லன், கான்டினென்டல், பிரெல்லி போன்ற நிறுவனங்கள் உள்புறத்தில் ஃபோம் ஒட்டிய டயர்களைத் தயாரிக்கின்றன.

தாளுக்கும் பஞ்சுக்கும் எட்டாத தாழ்ந்த உறுமலுக்கு மின்னணு வழி உண்டு. சஸ்பென்ஷன் அதிர்வை உணர்விகள் அளக்க, அதற்கு எதிர்க்கட்ட ஒலியை ஸ்பீக்கர்கள் எழுப்பி இரைச்சலைச் சிதைக்கும் இம்முறையை ஹூண்டாய் குழுமம் 2019-இல் அறிவித்தது. உயர் அதிர்வெண்களில் அலைநீளம் குறுகுவதால், தலை சற்று நகர்ந்தாலும் எதிர்க்கட்ட ஒலி பொருந்தாமல் போகும். ஆகவே அங்கே பீடிங்கும் தடுப்பும் உறிஞ்சு பஞ்சுமே தொடர்ந்து தேவைப்படுகின்றன.